ஒரகடம் மில்லின் இரண்டு பிளேடுகள்

படப்பைக் கடைத்தெருவைத் தாண்டி ஒரகடம் போகும் ரோட்டில், எங்கள் வீட்டுக்கு அடுத்ததாகச் செல்வநாதனின் மரப்பட்டறை இருந்தது. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. பட்டறையில் ஒரு இழைப்பு மெஷின், ஒரு வட்ட ரம்பம், இரண்டு ஆட்கள். கதவு, ஜன்னல், பள்ளிக்கூடத்து பெஞ்சு என்று எது வந்தாலும் செய்து கொடுப்பார். அவருடைய மனைவி அற்புதமேரியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். தெருவில் எல்லோருக்கும் அவர் மேரியம்மா. நான் சொல்லப்போவது எண்பத்தொன்றாம் வருடம் நடந்தது.

ஊரை விட்டு வந்து எனக்கு முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இங்கே உட்கார்ந்துகொண்டு இதை எழுதும்போது, மரவேலை தெரிந்த யாராவது படித்துவிட்டு ஒரு வரியில் தப்பு கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் விடவில்லை. அதனால் மேரியம்மாவுக்கே போன் செய்து ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். மூன்றாவது முறை கேட்டபோது, "இன்னாப்பா, பரீட்சைக்காப் படிக்கிற?" என்றார்.

இழைப்பு மெஷினில் ஒரு இரும்பு உருளை இருக்கும். உருளையில் எதிரெதிராக இரண்டு பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் முழ நீளத்துக்கு ஒரு பிளேடை வைத்து போல்ட் போட்டு இறுக்குவார்கள். மோட்டாரைப் போட்டால் உருளை வேகமாகச் சுற்றும். மேலே பலகையைத் தள்ளினால் அடிப்பக்கம் வழவழவென்று சீவப்பட்டு வரும். பிளேடு மழுங்கினால் பலகை பிய்ந்துபோகும். அப்போது பிளேடுகளைக் கழற்றிச் சாணை பிடிக்க வேண்டும்.

படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை அந்தக் காலத்தில் இருந்த எல்லாப் பட்டறைக்கும் சாணை என்றால் மெட்ராஸ்தான். சூளை என்ற பேட்டையில் ஒரு கடை. பிளேடுகளைச் சாக்கில் சுற்றி, தெரிந்த ஆளிடம் கொடுத்துத் தாம்பரம் வழியாக அனுப்புவார்கள். மூன்று நாளில் வரும் என்பார்கள். ஐந்து நாளும் ஆகும். அதுவரை மெஷின் சும்மா நிற்கும். செல்வநாதன் கைஇழைப்புளியை எடுத்துக்கொண்டு, தோள் வலிக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார்.

ஒரு மழைக்காலத்தில் ரோடு அறுத்துக்கொண்டு போய், ஒரு வாரம் பஸ் ஓடவில்லை. மேரியம்மா மழுங்கிய பிளேடுகளைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனார். அங்கே மோட்டாரில் சுற்றும் சாணைக்கல் ஒன்று இருந்தது. பொறி பறக்கத் தீட்டிக்கொண்டு வந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முனையில் மட்டும் மயில்கழுத்து நிறத்தில் ஒரு நீலம் ஓடியிருந்தது. மெஷினில் மாட்டி ஒரு மணி நேரத்தில் கூர் மடங்கிப் போய்விட்டது.

"மீன் அறுக்க வெச்சிக்கோ," என்றார் செல்வநாதன். "அதுக்கும் வழுக்கும்."

கிறிஸ்துமஸுக்கு வந்த தம்பி ஜெபதாஸிடம் அந்தப் பிளேடைக் காட்டினார். அவன் ரயில்வே பட்டறையில் பிட்டர். நீலத்தைப் பார்த்ததுமே, "சூட்டுல சாவடிச்சிட்டக்கா," என்றான். "இரும்புக்கு சூடு ஏறினா பதம் போயிடும். மெட்ராஸ்ல தண்ணி ஊத்திக்கினே புடிப்பான். உன்கிட்ட அந்த மெஷின் இல்ல. அப்போ சூடே ஏறாம புடி."

"எப்படிடா?"

"மெதுவாத்தான்."

அவன் சொன்னது அவ்வளவுதான். மீதியை மேரியம்மா தானாகவே கண்டுபிடித்தார். உடைந்த கண்ணாடி அலமாரியிலிருந்து தடிமனான ஒரு கண்ணாடித் துண்டை வாங்கிவந்தார். கண்ணாடியைவிடச் சமமான பரப்பு ஏழை வீட்டில் கிடைக்காது. அதன்மேல் உப்புத்தாளை ஒட்டி, மண்ணெண்ணெய் தெளித்துக்கொண்டார். தேக்குக் கட்டை ஒன்றில் சாய்வாக இரண்டு பள்ளம் வெட்டித்தரச் சொல்லிச் செல்வநாதனை ஒரு மாதம் நச்சரித்தார். இரண்டு பிளேடும் ஒரே கட்டையில், ஒரே சாய்வில் நிற்கும். கட்டையை முன்னும் பின்னும் தேய்த்தால் இரண்டும் ஒன்றாகவே தேயும். முரட்டுத் தாள், நடுத்தாள், மென்தாள் என்று மாற்றி மாற்றி மூன்று மணி நேரம். கடைசியில் செய்தித்தாளை நுனியில் பிடித்து இழுத்துப் பார்ப்பார். ஓசையில்லாமல் அறுந்தால் சரி.

இன்னொன்றும் செய்வார். தேய்த்து முடித்த இரண்டு பிளேடுகளையும் எடுத்துக்கொண்டு ராஜம்மாவின் மளிகைக் கடைக்குப் போவார். தராசில் இந்தத் தட்டில் ஒன்று, அந்தத் தட்டில் ஒன்று. எடை ஒன்றாக இல்லாவிட்டால் உருளை சுற்றும்போது மெஷினே ஆடும்.

"இன்னா மேரி, இரும்ப எட போட்டு இன்னா கொழம்பு வெக்கப்போற?" என்பார் ராஜம்மா.

"உங்க கடைப் பருப்பவிட சீக்கிரம் வெந்துடும்."

ஒரு வருடம் செல்வநாதனின் பிளேடு மெட்ராஸ் பக்கமே போகவில்லை. ஒரே ஒரு முறை, பழைய மரத்தில் இருந்த ஆணியில் பட்டு வாய் பெயர்ந்தபோது மட்டும் போனது. அது கையால் தேய்த்துச் சரியாகிற காயமில்லை.

அந்த ஒரு வருடத்தில் மேரியம்மாவுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. இது தன்னுடைய தொழிலாக வேண்டும். செல்வநாதன் பட்டறையில் ஒத்தாசை செய்யும் மனைவியாக அல்லாமல், ஊர்ப் பட்டறைகளெல்லாம் பிளேடு கொண்டுவந்து கொடுக்கிற ஆளாக. அதற்கு ஒருவர் தலையசைத்தால் போதும். ஒரகடத்தில் மர டிப்போவும் மில்லும் வைத்திருந்த பலராமன். நாலு மெஷின் வைத்திருந்தவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். அவர் ஒரு ஆளிடம் வேலை கொடுத்தால் மற்றவர்களும் கொடுப்பார்கள். அவர் வேண்டாம் என்றால் ஒருவரும் கொடுக்கமாட்டார்கள்.

பலராமன் ஒரு நாள் வேப்பம் சட்டம் கொடுக்க வந்தபோது மேரியம்மா நேராகவே கேட்டார்.

"அண்ணே, உங்க பிளேட என்கிட்ட குடுங்க. ரெண்டு நாள்ல தரேன்."

பலராமன் செல்வநாதனைப் பார்த்தார். செல்வநாதன் கூரையைப் பார்த்தார்.

"தங்கச்சி, என் மெஷின் உன் புருஷன் மெஷின் மாதிரி நாளைக்கு நாலு பலகை ஓட்டறது இல்ல."

"அதனாலதான் கேக்கறேன். மெட்ராஸ் போய் வரதுக்குள்ள உங்களுக்கு எத்தினி பலகை நிக்கும்?"

அது அவருக்கு உறைத்தது. ஒரு பங்களாவுக்குப் பலாமரக் கதவுகள் அப்போது கையில் இருந்தன. "சரி. சின்ன மெஷின் பிளேடு ரெண்டும் அனுப்பறேன். ஒரு வாரம் ஓட்டிப் பாக்கறேன். நல்லா இருந்தா நாலு மெஷினும் உனுக்கு. இல்லன்னா இதப் பத்தி என்னாண்ட பேசக்கூடாது."

பலராமன் மில்லில் மெஷின் ஓட்டுகிறவன் கோதண்டம். இருபத்தெட்டு வயது, பென்னலூர்க்காரன். அவன்தான் பிளேடுகளைக் கொண்டுவந்து கொடுத்தான். புதன்கிழமை காலை திரும்ப வாங்கிக்கொண்டு போகவும் அவனே வந்தான். அன்று ஆயுத பூஜை. தலைக்குக் குளித்து, நெற்றியில் பட்டையாக விபூதியோடு இருந்தான்.

"பளபளன்னு கீதேக்கா," என்றான். "நேரா சாமிகிட்டத்தான் போவுது. சாயங்காலம் வாங்க, பொரி கடலை தரேன்."

"நீயே கொண்டாந்து குடுடா. எனுக்கு உப்புத்தாள் தேச்ச கை வலிக்குது."

மறுநாள் வியாழக்கிழமை, விஜயதசமி. காலையில் நல்ல நேரம் பார்த்து வேலையை ஆரம்பிப்பது மில்லின் வழக்கம். மேரியம்மா அன்று முழுக்க ஒரகடம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பலராமனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கையில் ஒரு முழத்துக்கு அறுத்த பலாப் பலகைத் துண்டு. இன்னொரு கையில் சாக்கில் சுற்றிய பிளேடுகள்.

"செல்வநாதா, இத தடவிப் பாரு."

செல்வநாதன் தடவினார். மேரியம்மாவிடம் நீட்டினார். மேரியம்மா உள்ளங்கையை வைத்தார். சீப்பின் மேல் கை வைத்த மாதிரி இருந்தது. குறுக்கே குறுக்கே நெளி நெளியாக வரி.

"மெஷின் உறுமுது," என்றார் பலராமன். "பத்தாவது பலகைல நிறுத்தச் சொல்லிட்டேன். விஜயதசமி அன்னிக்கி ஆரம்பிச்ச வேலய மத்தியானத்துக்குள்ள நிறுத்தினது இத்தினி வருஷத்துல இதான் மொத தடவ."

"அண்ணே, எங்க மெஷின்ல இதே மாதிரி புடிச்ச பிளேடு நல்லா ஓடுது. வாங்க, இப்பவே ஓட்டிக் காட்டறேன்."

"உன் மேல எனக்குக் கோவம் இல்ல, தங்கச்சி. மெட்ராஸ்ல அவன் மெஷின் வெச்சிப் புடிக்கிறான். நீ குந்திக்கினு கையால தேய்க்கிற. வூட்டு வேல வூட்டு வேலதான். திங்கக்கெழம மொத பஸ்ல எல்லா பிளேடும் மெட்ராஸ் போவுது."

அவர் பிளேடுகளைப் போட்டுவிட்டுப் போன பிறகு செல்வநாதன் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்துதான் சொன்னார்.

"இதோட நிறுத்திக்கோ, மேரி."

"எதுல தப்புன்னு தெரியாம எப்படி நிறுத்தறது?"

"தப்பு எதுலயோ. பேரு நம்முது. நம்ம மெஷின்ல நீ இன்னா வேணா பண்ணு, ஊரான் மெஷின்ல கை வெச்சா அவன் நம்ம கதவையும் சந்தேகப்படுவான். பலராமன் வாய் சும்மா இருக்குமா? ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போவும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மேரியம்மாவும் அதை மறுக்கவில்லை. பிளேடுகளை எடுத்துக்கொண்டு கண்ணாடிப் பலகைக்குப் போனார். பிளேடுகளின் முதுகில் ஆங்காங்கே மஞ்சளாகக் கறை ஒட்டியிருந்தது. பலாமரத்தை அறுத்தால் தூளே மஞ்சளாகத்தான் விழும், அதனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டுக் கண்ணாடி மேல் வைத்து, வெளிச்சத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தார். இரும்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியவில்லை. ராஜம்மா கடைத் தராசில் போட்டார். முள் நடுவில் நின்றது.

ராஜம்மா அன்று கேலி செய்யவில்லை. செய்தி அதற்குள் அங்கே வந்திருந்தது.

மறுநாள் காலை, செல்வநாதனிடம் "தாம்பரம் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேரியம்மா பஸ் ஏறினார். தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து, எழும்பூரில் இறங்கி, சூளை வரை விசாரித்துக்கொண்டே நடந்தார். பையில் பிளேடுகளும் அந்தப் பலாப் பலகைத் துண்டும் இருந்தன. ஒரு வருடத்துக்கு முன்பு வரை தன் வீட்டுப் பிளேடு மாதாமாதம் போய்வந்த கடையை அவர் பார்ப்பது அதுதான் முதல் முறை.

நினைத்ததைவிடச் சின்னக் கடை. உள்ளே ஒரு நீளமான மெஷின், பிளேடின் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்க, கல் இப்படியும் அப்படியும் போய்வந்தது. ஜெபதாஸ் சொன்ன தண்ணீர். மேரியம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் இராமச்சந்திரன், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இன்னாம்மா வேணும்?" என்றார்.

"இத கொஞ்சம் பாருங்க. சரியா கீதான்னு சொல்லுங்க."

யார் தீட்டியது என்று சொல்லவில்லை. சொன்னால் பார்க்காமலே சொல்லிவிடுவார் என்று நினைத்தாராம்.

இராமச்சந்திரன் ஒரு இரும்புப் பலகை மேல் பிளேடை வைத்தார். கடிகாரம் மாதிரி முள் உள்ள ஒரு கருவியை அதன் மேல் மெல்ல நகர்த்தினார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. பிறகு இன்னொரு பிளேடு. பிறகு முதல் பிளேடை மறுபடியும் எடுத்தார்.

"இது நம்ம கடையில புடிச்சது இல்ல," என்றார் இராமச்சந்திரன். "தேய்ச்ச கோடு வேற மாதிரி கீது. எந்தக் கடை?"

"ஏன், மோசமா கீதா?"

"மோசமா இருந்தா கேப்பனா? இதுல நான் தொடறதுக்கு ஒண்ணும் இல்ல. தொட்டா உங்க பிளேடு வீணாத் தேயும், அவ்ளோதான்."

"நாந்தான் புடிச்சேன். வூட்ல."

இராமச்சந்திரன் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். "எதுல?"

"கண்ணாடி மேல. உப்புத்தாள் ஒட்டி."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"மூணு மணி நேரம்."

"நான் இருவது நிமிஷத்துல முடிச்சிடுவேன்," என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா உங்களுக்குப் போவ வர மூணு நாள் மிச்சம். சரிதான். அப்புறம் இன்னா கஷ்டம்னு இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கேட்டார்.

மேரியம்மா பலகைத் துண்டை எடுத்துக் கொடுத்தார். இராமச்சந்திரன் கட்டைவிரலால் ஒரு முறை வருடினார்.

"ரெண்டு பிளேடுல ஒண்ணுதாம்மா வெட்டியிருக்கு. இன்னொண்ணு கூட சும்மா சுத்தியிருக்கு. ஒண்ணு தூக்கிக்கினு உக்காந்திருந்தா இப்படித்தான் வரும். பிளேடுல கொற இல்ல. பிளேடு உக்கார்ற எடத்தப் பாருங்க. எந்த மெஷின் இது?"

"ஒரகடம் பலராமன் மில்லு."

இராமச்சந்திரன் சிரித்துவிட்டார். "அந்த மில்லா. வருஷா வருஷம் பூஜை முடிஞ்ச மறுநாள் டான்னு வந்துடும். சந்தனமும் குங்குமமுமா வரும், கல்யாணப் பொண்ணு மாதிரி. முதுகு முழுக்கப் பொட்டு. காஞ்சி போய் சிமிண்டு மாதிரி புடிச்சிருக்கும். சலவைச் சோடாத் தண்ணியில ஊற வெச்சிச் சொரண்டிட்டுத்தான் மெஷின்லயே வெப்போம். இந்த வருஷம் இன்னும் வரலியேன்னு நேத்துதான் பையன்கிட்ட கேட்டேன்."

மேரியம்மாவுக்கு அந்த மஞ்சள் கறை நினைவுக்கு வந்தது. பலாமரம் இல்லை.

அவர் வீட்டுப் பட்டறையில் பூஜை கிடையாது. பங்குச்சாமியார் வருடத்துக்கு ஒரு முறை வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவார், அது உலர்ந்துவிடும். பிளேடுக்குப் பொட்டு வைப்பார்கள் என்று தெரியும். அந்தப் பொட்டோடு எங்கே போகும் என்று அவர் யோசித்ததே இல்லை. பூஜைக்குக் கழற்றி வைத்த பிளேடு நேராக மெட்ராஸ் போய், சுத்தமாகத் திரும்பி வந்து, அதன் பிறகு மெஷினில் ஏறும். அதுவரை, விஜயதசமி அன்றும், அறுப்பு ரம்பம் மட்டும்தான் ஓடும். அதுதான் பலராமன் மில்லின் வழக்கம். இந்த வருடம் பிளேடு முன்னாலேயே கூராகிவிட்டது. பூஜை முடிந்ததும் மெட்ராஸ் போக வேண்டிய வேலையே இல்லை. கழுவுகிற வேலை ஒன்று நடுவில் இருந்ததை, அதைச் செய்துகொண்டிருந்த இராமச்சந்திரனைத் தவிர யாரும் அறிந்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை மேரியம்மா பிளேடுகளோடு மில்லுக்குப் போனார். மெஷின் பிளேடு இல்லாமல், திறந்தபடி நின்றது. பலராமன் மேஜையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"தங்கச்சி, நான் சொன்னது சொன்னதுதான்."

"சொன்னது சரிதாண்ணே. ஒரு வாரம்னு சொன்னீங்க. இன்னிக்கு நாலாவது நாள். உருளைய ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

பலராமன் மெஷின் பக்கம் கையைக் காட்டினார்.

"உருளையெல்லாம் சுத்தமாத்தான்கா கீது," என்று கோதண்டம் பின்னாலேயே வந்தான். "எண்ணப் போட்டு நானே தொடச்சேன்."

மேலே சுத்தமாகத்தான் இருந்தது. மேரியம்மா தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, பிளேடு உட்காரும் பள்ளத்துக்குள் விட்டுச் சுரண்டினார். மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொருக்கு பெயர்ந்து வந்தது. இன்னொரு இடத்திலும் வந்தது. மூன்றாவது இடத்தில் அரிசி அகலத்துக்கு ஒரு வில்லை. அதை உள்ளங்கையில் வைத்துப் பலராமனிடம் கொண்டுபோனார்.

பலராமன் முகர்ந்து பார்த்தார். "சந்தனம்."

"இது பிளேடு முதுகுல இருந்திருக்கு. அப்படியே வெச்சி முடுக்கினதுல பிளேடு தூக்கிக்கினு நின்னுடுச்சி. ஓட்ட ஓட்ட இது நொறுங்கி, பிளேடு ஆடியிருக்கு. இன்னும் பத்துப் பலகை ஓட்டியிருந்தா கழண்டு அடிச்சிருக்கும். நீங்க நிறுத்தினது நல்லதாப் போச்சு."

கோதண்டத்தின் முகம் சுருங்கிவிட்டது. மேரியம்மா அவன் பக்கம் திரும்பி, "உன்னக் கொற சொல்லலடா. வருஷா வருஷம் மெட்ராஸ்ல கழுவிக் குடுத்திருக்காங்க. உனுக்கும் தெரியாது, எனுக்கும் தெரியாது," என்றார்.

"அது இல்லக்கா." கோதண்டம் தயங்கினான். "தெரிஞ்சாலும் நான் எப்படித் தொடைப்பேன்? நானே பொட்டு வெச்சி, கற்பூரம் காட்டி, விழுந்து கும்பிட்டுட்டு, காலையில நானே அழிக்கறதா? கைய அந்தப் பிளேடுக்குப் பக்கத்துல வெச்சித்தான் வருஷம் பூரா வேல செய்யறேன்."

அவன் சொன்னது பேச்சுக்காக அல்ல. அந்த மில்லில் அவனுக்கு முன்னால் மெஷின் ஓட்டியவருக்கு இரண்டு விரல் கிடையாது.

"மொதலாளி சொன்னா தொடைக்கறேன்," என்றான்.

பலராமன் சட்டென்று, "அத நான் சொல்ல மாட்டேன்ப்பா," என்றார். "என் மேல போடாத."

மேரியம்மாதான் பேசினார்.

"நான் தொடைக்கறேன். எனுக்கு ஒண்ணும் ஆவாது."

கோதண்டம் அதை யோசித்துப் பார்த்தான். "நீங்க தொடச்சா பரவால்லக்கா. உங்க சாமி வேற டிபார்ட்மென்ட்டு."

பலராமன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மில்லில் இருந்த மற்ற ஆட்களும் வந்துவிட்டார்கள்.

மேரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, மூங்கில் குச்சி நுனியில் சுற்றி, இரண்டு பள்ளத்தையும் அரை மணி நேரம் துடைத்தார். பிளேடுகளை வைத்தார். போல்ட்டுகளைக் கோதண்டம்தான் முடுக்க வந்தான். "நீ இரு" என்று ஸ்பானரை அவரே வாங்கிக்கொண்டார். நடுப் போல்ட்டு கொஞ்சம், ஓரத்துப் போல்ட்டு கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கினார். பிறகு நேரான ஒரு குச்சியை மெஷின் மேல் வைத்து, உருளையைக் கையால் மெல்லத் திருப்பினார். பிளேடு வந்து குச்சியைத் தொட்டு, ஒரு நெல் நீளம் முன்னால் இழுத்துவிட்டுப் போனது. இரண்டாவது பிளேடு வந்தது. அதுவும் ஒரு நெல் நீளம். மறுமுனையில் வைத்துப் பார்த்தார். அங்கேயும் அதே. இரண்டும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருந்தன.

"இத நாங்க பண்றது இல்லியே," என்றான் கோதண்டம்.

"எங்க வூட்ல மெஷின் சின்னது. அதுக்கே பண்றேன்."

மோட்டாரைப் போட்டார்கள். உறுமல் இல்லை. புதுத் துணியைக் கிழிப்பது போல ஒரே சீரான சத்தம். கோதண்டம் பலாப் பலகையை எடுத்து வைத்துத் தள்ளினான். மறுபக்கம் வந்ததும் பலராமன் கையை நீட்டி வாங்கி, திருப்பி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். உள்ளங்கையால் தடவினார். புறங்கையால் தடவினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னொரு பலகை போடு," என்றார்.

போட்டார்கள். இன்னொன்று. ஆறாவது பலகைக்குப் பிறகு அவர் தடவுவதை நிறுத்திவிட்டு, அடுக்கில் நேராகச் சாத்தச் சொன்னார்.

"இது மெட்ராஸ்ல புடிச்சதுக்கு எந்த விதத்துலயும் கொறயில்ல," என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு மேரியம்மாவைப் பார்த்து, "அன்னிக்கு வூட்டு வேலன்னு சொல்லிட்டேன்," என்றார்.

"வூட்ல செய்யறது வூட்டு வேலதானேண்ணே."

"திங்கக்கெழம மெட்ராஸுக்கு ஒண்ணும் போவல. நாலு மெஷின் பிளேடும் உனுக்குத்தான்."

மேரியம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. இந்த இடத்தைப் போனில் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அந்த நிமிஷத்தில் பேசாமல் வாங்கிக்கொண்டிருந்தால், அடுத்த முறையும் வேறு ஏதாவது ஒன்றுக்கு இதே வாசலில் நின்றிருப்பேன் என்றார்.

"ரெண்டு விஷயம்ண்ணே. ஆணி பட்டு வாய் போன பிளேட என்னாண்ட தராதீங்க. அது கையில ஆவாது. சூளைக்குத்தான் போவணும். அந்த மனுஷன் நல்ல மனுஷன், நானே கட்டி அனுப்பறேன். இன்னொண்ணு, பிளேட நான் குடுத்துட்டுப் போயிட மாட்டேன். நானே வந்து மாட்டுவேன். கழட்டறதும் நான்தான்."

"மில்லுக்குள்ளயா?" என்றார் பலராமன். அந்த மில்லில் பெண்கள் தூள் வாரத்தான் வருவார்கள்.

"மெஷின் மில்லுக்குள்ளதானே கீது."

கோதண்டம் குறுக்கே வந்தான். "மொதலாளி, அடுத்த வருஷ பூஜைக்கும் யாராவது தொடைக்கணும் இல்ல?"

பலராமன் தாடையைச் சொறிந்தார். "பெரிய மெஷின் பிளேடும் கழட்டாமலே மழுங்கிக் கெடக்குது," என்றார். அதுதான் அவர் சம்மதம்.

மத்தியானம் இரண்டு மணிக்குச் செல்வநாதன் சைக்கிளில் வந்தார். பன்னிரண்டு மணிக்குச் சோறு வரவில்லை, வீட்டில் ஆள் இல்லை. ராஜம்மா கடையில் கேட்டதில் ஒரகடம் என்றார்கள். மனைவியைப் பலராமன் ஏதாவது சொல்லிவிட்டாரோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டே மிதித்தாராம். மில் வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது, மேரியம்மா பெரிய மெஷினின் மேல் பாதி உடம்பைச் சாய்த்து, போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் மரத்தூள்.

"செல்வநாதா, உன் பொண்டாட்டி வரதுக்கு இன்னும் நேரமாவும்," என்றார் பலராமன். "இங்க வேல கீது."

செல்வநாதன் அடுக்கி வைத்திருந்த பலாப் பலகைகளிடம் போனார். மேல் பலகையைத் தடவினார். அடுத்ததை எடுத்தார். பிறகு மெஷினிடம் வந்து, என்ன நடந்தது என்று கேட்காமல், "இந்தப் போல்ட்டு துரு புடிச்சிருக்கு, மேரி. எண்ண விட்டுக் கொஞ்ச நேரம் வுடணும்," என்றார்.

"விட்டாச்சு. நகர மாட்டேங்குது."

"அப்போ அந்தப் பக்கம் புடி."

அவர் சட்டையைக் கழற்றிச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிவிட்டு, ஸ்பானரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தியதில் போல்ட் மெல்ல அசைந்தது.